ஒரு நாளைக்கு ஒரே ஒரு க்ளிக்

வடதுருவத்தை ஒட்டின நாடுகளோட படங்களைத் தொடர்ந்து பார்க்கறவங்களுக்கு ஒரு விஷயம் கண்ணுல பட்டிருக்கும். ஐஸ்லாந்துன்னா கிர்க்யூஃபெட்ல் மலை, அதுக்கு முன்னாடி அந்தச் சின்ன அருவி. நார்வேன்னா ஹம்நாய் பாலத்து மேல நின்னு எடுத்த சிவப்பு மரவீடுங்க, பின்னாடி பனிமலை. எத்தனையோ ஆயிரம் பேர் எடுத்திருக்காங்க, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே படம். அழகா இல்லையான்னு கேட்டா, அழகாத்தான் இருக்கு. எனக்கு எரிச்சல் வர்றது அந்தப் படங்க மேல இல்ல. அதுங்களோட சேர்ந்து பரவுற ஒரு நம்பிக்கை மேல. "வடக்கே போயிட்டா போதும், படம் தானா கிடைச்சுடும். போய்ச் சேர்றதுதான் கஷ்டம். டிக்கெட், விசா, லென்ஸ், காசு, இது இருந்தா மீதியை அந்த ஊரு பார்த்துக்கும்." இந்த நம்பிக்கை அடிப்படையிலேயே தப்புங்கறது என்னோட கட்சி. வடக்கு நிலத்தை உயிரா நேசிச்ச ஒருத்தரோட வாழ்க்கையை வச்சே அதைச் சொல்லிப் பார்க்கறேன். அவர் பேரு ஜிம் பிராண்டன்பர்க். அமெரிக்காவைச் சேர்ந்த இயற்கைப் போட்டோகிராபர். 2025 ஏப்ரல்ல, 79 வயசுல காலமானாரு. நம்ம பக்கம் அவரைப் பத்தி அதிகம் பேசல. அந்த ஆதங்கமும் எனக்கு இருக்கு.

அவர் 1945ல பிறந்த ஊரு லுவெர்ன். மின்னசோட்டா மாநிலத்தோட தென்மேற்கு மூலையில இருக்கற சின்ன ஊரு. சுத்தி பெரும்பாலும் தட்டையான நிலம். ஒரு காலத்துல ஆள் உயரப் புல்லும் காட்டெருமைக் கூட்டமுமா இருந்த பூமி. அவர் பிறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே பெரும்பகுதியை உழுது பண்ணையாக்கிட்டாங்க. அங்கேர்ந்து வடக்கே டுலூத் நகரத்துக்குப் போய் ஓவியக்கலை படிச்சாரு. வொர்திங்டன்ங்கற ஊர்ல ஒரு பத்திரிகையில படப்பிரிவைப் பார்த்துக்கிட்டே நேஷனல் ஜியாகரபிக் பத்திரிகைக்கும் படம் எடுத்துக் கொடுத்து, 1970கள்லேர்ந்து அவங்களுக்காக உலகம் சுத்த ஆரம்பிச்சாரு. ஆப்பிரிக்கப் பாலைவனம் வரைக்கும் போயிருக்காரு. அவரோட பேரு நிலைச்சது அதனால இல்ல. மின்னசோட்டாவோட வடகிழக்குல, கனடா எல்லைக்குக் கிட்ட ஈலின்னு ஒரு ஊரு இருக்கு. அதுக்குப் பக்கத்துக் காட்டுல வீடு கட்டிக்கிட்டு, அந்தக் காட்டையே பல பத்து வருஷம் பார்த்தாரு பாருங்க, அதனால நிலைச்சது.

ஈலிக்கு அந்தப் பக்கம் தொடங்குறது பவுண்டரி வாட்டர்ஸ் வனப்பகுதி. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல காடு, ஆயிரத்துக்கும் அதிகமான ஏரி. பெரும்பாலான இடத்துல மோட்டார் படகு கூடாது, துடுப்புப் போட்டுத்தான் போகணும். பனிப்பாறைங்க உரசிட்டுப் போன பழைய கல்லு. அதுக்கு மேல பைன், ஸ்ப்ரூஸ், பிர்ச், ஆஸ்பென். இலையுதிர் காலத்துல ஊசியிலை எல்லாம் பொன்னா மாறி உதிர்ற டாமராக் மரமும் உண்டு. ஓநாய்க்கு இந்த ஊரு ரொம்ப முக்கியம். அலாஸ்காவை விட்டுட்டுப் பார்த்தா, அமெரிக்காவுல மத்த எல்லா மாநிலத்துலயும் ஓநாயைச் சுட்டும் விஷம் வச்சும் கிட்டத்தட்ட அழிச்சுட்டாங்க. 1974ல அதை அழியும் நிலையில இருக்கற உயிரினமா சட்டப்படி அறிவிச்சப்ப, சொல்லிக்கற அளவுக்கு மிஞ்சியிருந்தது வடக்கு மின்னசோட்டாவுல மட்டும்தான். பக்கத்துல சுப்பீரியர் ஏரியில இருக்கற ஐல் ராயல் தீவுல ஒரு சின்னக் கூட்டம், அவ்வளவுதான். பிராண்டன்பர்க் தேர்ந்தெடுத்து உட்கார்ந்த இடம் அதுதான். ஊரே பயந்து வெறுத்த மிருகத்தை, வெறுப்பு இல்லாத கண்ணோட பார்க்க வச்ச படங்க அவரோடது. ஒரு மரத்துக்குப் பின்னாடிலேர்ந்து, முகத்துல பாதியை மறைச்சுக்கிட்டு, ஒத்தைக் கண்ணால நம்மளை எட்டிப் பார்க்கற சாம்பல் ஓநாய் படம் ஒண்ணு இருக்கு. தேடிப் பாருங்க.

இப்ப என் வாதத்தோட மையத்துக்கு வர்றேன்.

1994 செப்டம்பர் 23. பகலும் ராத்திரியும் சமமா இருக்கற நாள். அன்னைக்கு அவர் தனக்குத்தானே ஒரு விதி போட்டுக்கிட்டாரு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு படம். ஷட்டரை ஒரு தடவைதான் அமுக்கணும். சரியா வரலன்னா இன்னொண்ணு எடுக்கறது கிடையாது. டிசம்பர் 21 வரைக்கும், அதாவது வருஷத்துலயே பகல் குறைஞ்ச நாள் வரைக்கும். மொத்தம் 90 நாள், 90 படம். அப்ப பிலிம் காலம். ஒரு ரோல்ல 36 படம். ஒரு கட்டுரைக்கு நூத்துக்கணக்கான ரோலைத் தீர்க்கறது நேஷனல் ஜியாகரபிக்ல சர்வசாதாரணம். அங்க பழகின ஆள் ரெண்டரை ரோலுக்குள்ள ஒரு பருவத்தை அடக்கறேன்னு உட்கார்ந்தாரு. வெளியிடணும்னு ஆரம்பிச்சதும் இல்ல. தொழில் ஓடின ஓட்டத்துல, முதல்ல எதுக்காக கேமராவைத் தூக்கினோமோ அது கைநழுவிப் போச்சோங்கற தவிப்பு அவருக்கு. ஆனா 1997 நவம்பர் இதழ்ல நேஷனல் ஜியாகரபிக் அதைப் பெரிய கட்டுரையா போட்டுச்சு. அடுத்த வருஷம் 'சேஸ்டு பை தி லைட்'ங்கற புத்தகமா வந்துச்சு. இன்னைக்கும் இயற்கைப் படக்காரங்க மதிக்கற புத்தகம்.

(ஒரு கணக்கு. சோனி ஏ9 மார்க் 3 கேமரா நொடிக்கு 120 பிரேம் எடுக்குது. பிராண்டன்பர்க் மூணு மாசம் எடுத்த அத்தனையும் அந்த கேமராவுக்கு முக்கால் நொடி வேலை. கேமராவைக் குறை சொல்றதுக்காக இதைச் சொல்லல. எண்ணிக்கைக்கும் பார்க்கறதுக்கும் சம்பந்தமே இல்லைங்கறதுக்காகச் சொல்றேன்.)

இந்த 90 நாளைப் பத்தி எழுதறவங்க பலரும் இதை ஒரு விரதமா, சுயகட்டுப்பாட்டுப் பயிற்சியா மட்டும் பேசறாங்க. அது பாதிதான். கட்டுப்பாடு மட்டும் யாருக்கும் நல்ல படம் கொடுக்காது. புது ஊருக்குப் போன ஒருத்தர், நாளைக்கு ஒரு க்ளிக்னு விதி போட்டுக்கிட்டா என்ன ஆகும்? முதல்ல கண்ணுல பட்ட மலையை எடுத்து முடிச்சுடுவாரு. இல்லன்னா பயந்துக்கிட்டே ராத்திரி வரைக்கும் எதையும் எடுக்காம இருப்பாரு. எப்ப அமுக்கணும்னு தெரியணும்னா, இதைவிட நல்லது ஒண்ணு இன்னைக்கு வருமா வராதான்னு ஓரளவு கணிக்கத் தெரியணும். காலையில மூடுபனி எந்த ஏரியில முதல்ல கலையும், எந்தப் பாறை மேல சாயங்கால வெயில் கடைசியா நிக்கும், செத்த மான் எங்கயாவது கிடந்தா அண்டங்காக்கா எந்தப் பக்கம் சத்தம் போடும், அதைக் கேட்டு ஓநாய் எப்படி வரும், இதெல்லாம் அந்தக் காட்டுல வருஷக்கணக்கா இருந்தவருக்குத்தான் தெரியும். நம்ம வீட்டுல கரண்ட் போனாலும் கை தானா தீப்பெட்டி இருக்கற இடத்துக்குப் போகுதே, அந்த மாதிரியான அறிவு அது. அந்த அறிவு இருந்ததாலதான் அந்த விதி வேலை செஞ்சுது. ஒரு க்ளிக்குக்கு முன்னாடி பல வருஷத்து இருப்பு இருக்கு. அதனாலதான் அந்த 90 படத்தையும் நான் ஒரு இடத்துல தங்கினதோட விளைச்சல்னு சொல்றேன்.

அவர் தேர்ந்தெடுத்த காலத்தையும் கவனிக்கணும். ஈலி ஏறக்குறைய 48 டிகிரி வட அட்சரேகையில இருக்கு. செப்டம்பர் கடைசியில அங்க பகல் 12 மணி நேரம். டிசம்பர் 21க்கு எட்டரை மணி நேரம் கூடத் தேறாது. தொடக்கத்துல ஒவ்வொரு நாளும் மூணு நிமிஷத்துக்கு மேல வெளிச்சம் குறைஞ்சுக்கிட்டே வரும். டிசம்பர் 21ல நடுப்பகல்லயே சூரியன் அடிவானத்துலேர்ந்து 19 டிகிரிக்கு மேல ஏறாது. நாள் பூரா வெயில் சாய்ஞ்சேதான் விழும், நிழல் நீளமாவே இருக்கும். நம்ம ஊர்ல போட்டோகிராபருங்க காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் காத்திருந்து பிடிக்கற வெளிச்சம், மேகம் இல்லாத நாள்ல அங்க கிட்டத்தட்ட பகல் முழுக்கக் கிடைக்கும். ஆனா பகலே சுருங்கிக்கிட்டு வருது. இந்த இழுபறிதான் வடக்கோட தனித்தன்மை. வெளிச்சம் தாராளமா நல்லா இருக்கு, ஆனா கையை விட்டுப் போய்க்கிட்டே இருக்கு. அந்த மூணு மாசத்துக்குள்ள மேப்பிள் சிவந்து உதிருது, டாமராக் பொன்னாகி மொட்டையாகுது, லூன் பறவை தெற்கே கிளம்புது, கரடி குகைக்குள்ள போகுது, சின்னக் குட்டை முதல்ல உறையுது, அப்புறம் பெரிய ஏரி. ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ஒரு தடவைதான். தவறவிட்டா அடுத்த வருஷம். நிலமே அந்த மாதிரி ஒரு விதியோட இயங்குது. அவர் அதே விதியைத் தன் கேமராவுக்கும் போட்டுக்கிட்டாரு. வடக்கு நிலத்தோட இயல்புலேர்ந்தே பிறந்த முறைங்கறதாலதான் அது எனக்கு வெறும் வித்தையா தெரியல.

தொழில்நுட்பமா பார்த்தாலும் அது சாதாரணமில்ல. ஸ்லைடு பிலிம்ல எக்ஸ்போஷர், அதாவது பிலிம் மேல விழற வெளிச்சத்தோட அளவு, அரை ஸ்டாப் தப்பினாலும் படத்துல தெரியும். கேமராவோட மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல்னு வச்சுக் கணக்குப் போடும். வெள்ளைப் பனியைக் காட்டினா அழுக்குச் சாம்பலாக்கிடும். அதனால ஒண்ணுலேர்ந்து ரெண்டு ஸ்டாப் வரைக்கும் கூடுதலா வெளிச்சம் விடணும். எவ்வளவுங்கறது மேகத்தைப் பொறுத்தது, வெயில் விழற கோணத்தைப் பொறுத்தது. அந்தக் காலத்துத் தொழில்காரங்க சந்தேகத்துக்கு மூணு எக்ஸ்போஷர் வச்சு மூணு படம் எடுத்துக்குவாங்க. இவரோட விதியில அதுக்கு இடமில்ல. சரியா வந்துச்சான்னு பின்பக்கம் திரை இருந்து பார்க்கவும் முடியாது. கடுங்குளிர்ல பேட்டரி சட்டுனு இறங்கும், பிலிம் மொறுமொறுன்னு ஆகி ஒடியும். இத்தனைக்கும் நடுவுல ஒரே ஒரு தடவை.

சரி, எதிர்வாதங்களுக்கு வர்றேன். சிலது வலுவானது, ஒதுக்கிட்டுப் போக முடியாது.

முதல் எதிர்வாதம்: "அவரோட பேர் பெத்த படங்கள்ல ஒண்ணு ஆர்க்டிக்ல எடுத்தது. அங்க அவர் வெளியாள்தானே? போனதாலதானே கிடைச்சுது?" நியாயமான கேள்வி. 1986ல கனடாவோட வடகோடி எல்ஸ்மியர் தீவுக்கு, ஏறக்குறைய 80 டிகிரி வடக்குல, ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெக்கோட போனாரு. வெள்ளை ஓநாய் ஒண்ணு ஒரு பனித்திட்டுலேர்ந்து இன்னொரு பனித்திட்டுக்குத் தாவற படம் அங்க வந்ததுதான். 1987 மே மாசம் நேஷனல் ஜியாகரபிக்ல வந்துச்சு, அடுத்த வருஷம் 'வொயிட் வுல்ஃப்' புத்தகமாச்சு. ஆனா அது எப்படி சாத்தியமாச்சுன்னு பாருங்க. அந்தப் பகுதி ஓநாய்ங்களை மனுஷன் பெருசா வேட்டையாடி விரட்டினதில்ல, அதனால பயம் இல்ல. இவங்க ரெண்டு பேரும் குட்டிங்க இருந்த குகைக்குப் பக்கத்துல தங்கி, அந்தக் கூட்டம் இவங்களைச் சட்டை பண்ணாத அளவுக்குப் பழகினாங்க. மெக் அதுக்கப்புறமும் பல கோடைக்குத் திரும்பத் திரும்ப அங்கயே போனாரு. அதனால தூரம் போகக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல. போன இடத்துல தங்கினதுதான் அந்தப் படத்தைக் கொடுத்துச்சுன்னு சொல்றேன். அதோட, ஈலி காட்டுல சாம்பல் ஓநாயோட சுவடு பார்த்துப் பழகின கண்ணாலதான் அவர் வெள்ளை ஓநாயைப் பார்த்தாரு.

ரெண்டாவது: "முப்பது வருஷ அனுபவம் இருந்தா யாரும் ஒரு க்ளிக்ல எடுப்பாங்க. பறக்கற பறவையை ஒரே பிரேம்ல எடுக்கச் சொன்னா நடக்குமா?" முதல் பாதிக்கு என் பதில், ஆமாம், அதைத்தான் நானும் சொல்றேன். அனுபவம்ங்கறது எந்த இடத்துலயோ காத்துல சேர்றது இல்ல, ஒரு நிலத்துல சேர்றது. ரெண்டாவது பாதியை முழுசா ஒத்துக்கறேன். மீன்கொத்தி தண்ணியில பாயற கணத்துக்கு வேகமான கேமரா வேணும், நூறு பிரேம் வேணும், அதுல அசிங்கம் ஒண்ணுமில்ல. ஆனா இதோட சேர்ந்து வர்ற இன்னொரு குழப்பம் இருக்கு. இப்ப பலபேர் நாளைக்கு ஒரு படம்னு வருஷம் முழுக்கப் போடறாங்க. நல்ல பழக்கம்தான். ஆனா முன்னூறு எடுத்து ராத்திரி உட்கார்ந்து ஒண்ணைப் பொறுக்கறதும், பகல்ல ஒரே தடவை அமுக்கறதும் ஒண்ணு இல்ல. முதல்ல சொன்னதுல தீர்மானம் கம்ப்யூட்டர் முன்னாடி நடக்குது. ரெண்டாவதுல காட்டுக்குள்ள, அந்த நிலம் கண்ணு முன்னாடி இருக்கறப்பவே நடக்குது. படத்துல வித்தியாசம் தெரியுதோ இல்லையோ, எடுக்கறவருக்கும் நிலத்துக்கும் நடுவுல இருக்கற உறவுல வித்தியாசம் இருக்கு. என் பேச்சு அந்த உறவைப் பத்தினது.

மூணாவதுதான் கனமானது. "ஒருத்தர் ஒரு காட்டுல உட்கார்ந்து ஓணான், ஓடை, இலைன்னு எடுத்துக்கிட்டிருந்தா உலகத்துக்கு என்ன பிரயோஜனம்? ஆர்க்டிக் உருகுது. அதை ஓடிப்போய் எடுத்து உலகத்தை உலுக்கற படம்தானே இப்ப வேணும்?" இதுக்கு பால் நிக்லெனோட கதையை எடுத்துக்கலாம். கனடாக்காரர், பாஃபின் தீவுல இனுயிட் பழங்குடி மக்கள் நடுவுல வளர்ந்தவரு, கடல் உயிரியல் படிச்சவரு. வடக்கை அறிஞ்சவர்ங்கறதுல யாருக்கும் சந்தேகம் கிடையாது. 2017 கோடையில கனடாவோட சோமர்செட் தீவுல, எலும்பும் தோலுமா தள்ளாடற ஒரு பனிக்கரடியை வீடியோ எடுத்தாரு. டிசம்பர்ல நேஷனல் ஜியாகரபிக் வெளியிட்ட வடிவத்துல, பருவநிலை மாற்றம்னா இப்படித்தான் இருக்கும்னு அர்த்தம் வர்ற வாசகம் போட்டிருந்தாங்க. உலகமே பார்த்துக் கலங்குச்சு. அப்புறம் கேள்வி வந்துச்சு. கரடிக்கு வயசாச்சா, நோயா, காயமா? அந்தத் தீவு இருக்கற நுனாவுட் பகுதியோட இனுயிட் மக்கள்லயும் சிலர் இதைக் கேட்டாங்க. 2018 ஆகஸ்ட்ல அந்தப் பத்திரிகையே, அந்தக் கரடி ஏன் பட்டினியில இருந்துச்சுன்னு உறுதியா சொல்ல முடியாது, வாசகம் அளவு மீறிப் போச்சுன்னு ஒத்துக்கிச்சு. நிக்லெனோட குழுவுக்கு நல்ல நோக்கம் இருந்துச்சுன்னு நான் முழுசா நம்பறேன். கடல்பனி குறையறதும், அது பனிக்கரடிங்களைப் பாதிக்கறதும் நிரூபிச்ச உண்மை. சிக்கல் வேற இடத்துல. ஒரு தடவை பார்த்த ஒரு கரடிக்கு முன்கதை கிடையாது. அந்தக் கரடி முந்தின வருஷம் எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சவர் யாரும் அங்க இல்ல. வடக்கை அத்தனை அறிஞ்சவர் எடுத்த படத்துக்கே அந்தக் கதி வந்துச்சுன்னா, ஒரு வாரச் சுற்றுலாவுல எடுக்கற படத்தைப் பத்தி என்ன சொல்ல? ஒரே ஏரி வருஷா வருஷம் எந்தத் தேதியில உறையுதுன்னு பார்த்துக்கிட்டே இருக்கறவரோட சாட்சிக்குக் கண்ணீர் வராது. ஆனா யாரும் அதைத் திரும்ப வாங்கிக்க வைக்க முடியாது. உலுக்கற படம் வேண்டாம்னு நான் சொல்லல. அதைத் தாங்கிப் பிடிக்க, தங்கிப் பார்த்தவங்களோட சாட்சி வேணும்.

ஓடிப்போய் எடுக்கறதுல நிலத்துக்கே சேதம்ங்கறதும் கண்ணுக்கு முன்னாடி நடந்திருக்கு. ஐஸ்லாந்துல ஃபியாத்ரார்க்லியூஃபூர்னு ஒரு பள்ளத்தாக்கு. பாடகர் ஜஸ்டின் பீபரோட 2015 பாட்டு வீடியோவுல வந்துச்சு. அதுக்கப்புறம் கூட்டம் கூட்டமா வந்து, பாதையை விட்டு விலகி நடந்து, பாசியும் செடியும் மிதிபட்டு, 2019ல அரசாங்கம் அதைக் கொஞ்ச மாசம் மூடியே வச்சுது. குளிர்நாட்டுப் பாசி மில்லிமீட்டர் கணக்குல வளர்றது. ஒரு மிதி ஆற வருஷங்கள் ஆகும்.

நாலாவது எதிர்வாதத்துல பிராண்டன்பர்க் முழுசா தப்பிக்க முடியாது. அவர் படங்கள்ல காடு இருக்கு, மனுஷங்க பெரும்பாலும் இல்ல. யாரும் தொடாத பூமிங்கற மயக்கத்தை அது கொடுக்குது. ஆனா அது ஒஜிப்வேங்கற பழங்குடி மக்களோட பூமி. பவுண்டரி வாட்டர்ஸ்ல ஒரு ஏரிக்கும் இன்னொரு ஏரிக்கும் நடுவுல படகைத் தோள்ல தூக்கிக்கிட்டு நடக்கற பாதைங்க பல நூற்றாண்டா அவங்க நடந்து போட்டது. ஈலிக்குப் பக்கத்துல ஹெக்மன் ஏரிப் பாறையில சிவப்புக் காவியில வரைஞ்ச பழைய ஓவியங்க இன்னும் இருக்கு. 1854 லா பாயிண்ட் ஒப்பந்தத்துல அவங்க நிலத்தை விட்டுக்கொடுத்தப்ப, அங்க வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் சேகரிக்கவும் உரிமையைக் கையில வச்சுக்கிட்டாங்க. ஏரியில ஆழமில்லாத தண்ணியில விளையற காட்டரிசியை இன்னைக்கும் படகுல போய்க் குச்சியால தட்டி அறுவடை பண்றாங்க. அது மட்டுமா, பெரிய வெள்ளைப் பைன் மரங்களை நூறு நூத்திருபது வருஷத்துக்கு முன்னாடி மரக்கம்பெனிங்க வெட்டித் தள்ளினாங்க. இன்னைக்கு நிக்கற காட்டுல கணிசமான பகுதி அதுக்கப்புறம் முளைச்சது. இதெல்லாம் அந்த 90 படத்துல பெரும்பாலும் தெரியாது. இதை நான் அவரோட வேலையில இருக்கற உண்மையான குறைன்னே சொல்வேன். தங்கறதுதான் அறிவுன்னா, அவரைவிடப் பல தலைமுறை அதிகமா தங்கினவங்க அங்க இருக்காங்க. என் வாதத்தை இது உடைக்கல, அதை அவருக்கும் அப்பால கொண்டு போகுது. வடக்கு நிலத்தோட அடுத்த நல்ல படங்க அந்த மக்கள் கையிலேர்ந்து வரணும். அதுக்கு வாய்ப்பும் பணமும் பத்திரிகைப் பக்கமும் அவங்களுக்குக் கிடைக்கணும்.

"காட்டுக்குள்ள சொந்த வீடு, பெரிய பத்திரிகை சம்பளம். நமக்கு முடியுமா?"ன்னு கேட்கறவங்களுக்கு, அவர் பிற்காலத்துல செஞ்சதைச் சொல்லணும். 1999ல, தான் பிறந்த லுவெர்ன் புல்வெளிக்காக ஒரு அறக்கட்டளை ஆரம்பிச்சாரு. மின்னசோட்டாவோட பழைய புல்வெளியில இன்னைக்கு 2 சதவீதம் கூட மிச்சமில்ல. அதுல எஞ்சின துண்டுங்களை அரசாங்கத்தோட வனவிலங்குத் துறையோட சேர்ந்து வாங்கி, திரும்பப் புல் வளர்த்து, 'டச் த ஸ்கை' புல்வெளின்னு பேர் வச்சு, யாரும் வந்து நடக்கலாம்னு திறந்து விட்டாங்க. மலை கிடையாது, அருவி கிடையாது, பனிக்கரடி கிடையாது. கார்ல போறவங்க ஒண்ணுமில்லைன்னு கடந்து போற பூமி, அந்த மாதிரி ஒண்ணு நம்ம எல்லாருக்கும் பக்கத்துலயே இருக்கும். உலகத்தோட பெரிய பெரிய காட்சி எல்லாம் பார்த்து முடிச்சவர் கடைசியில காசையும் பேரையும் கொட்டினது அந்தப் புல்லுல. நிலத்து மேல அவருக்கு இருந்த பிரியம் காட்சிக்காக இல்லைங்கறதுக்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி எனக்குத் தெரியல. சுவர்ல மாட்டற படமாவா அது? இல்லவே இல்ல. உயிரோட இருக்கணும்னு நினைச்ச பூமி அது.

ஈலி காட்டுக்கும் ஆபத்து தீரல. அந்த ஏரிங்களுக்குத் தண்ணி வர்ற மேல்பக்கத்துல தாமிரம், நிக்கல் சுரங்கம் தோண்ட வருஷக்கணக்கா முயற்சி நடக்குது. சல்பைடு கலந்த பாறை காத்தும் தண்ணியும் பட்டா அமிலமாகி ஓடும். ஏரிக்கு ஏரி தண்ணி தொடர்பு இருக்கற ஊர்ல அது எங்க போய் நிக்கும்னு யாரும் சொல்ல முடியாது. 2023 ஜனவரியில அமெரிக்க உள்துறை அங்க ரெண்டேகால் லட்சம் ஏக்கரை 20 வருஷத்துக்குச் சுரங்கத்துக்குக் கொடுக்கறதில்லைன்னு உத்தரவு போட்டுச்சு. ஆட்சி மாறினா அந்த மாதிரி உத்தரவும் மாறலாம். சுரங்கம் வந்தா வேலை கிடைக்கும்னு சொல்ற உள்ளூர்க்காரங்களும் இருக்காங்க. அவங்க கவலையும் பொய் இல்ல. ஆனா ஒரு காட்டோட ஒவ்வொரு நாளும் வேற வேறன்னு காட்டின ஒருத்தரோட வேலை இந்த மாதிரி நேரத்துலதான் எடை பெறுது. வரைபடத்துல ஏக்கரா இருக்கறது, அந்தப் புத்தகத்தைப் பார்த்தவங்களுக்கு நவம்பர் மாசத்துக் காலையா இருக்கு.

'சேஸ்டு பை தி லைட்' புத்தகம் பழைய பிரதியா இன்னும் கிடைக்குது. கிடைச்சா ஒண்ணு செய்யுங்க. பேர் பெத்த ஓநாய்ப் படத்தைத் தேடி நடுவுல திறக்காதீங்க. செப்டம்பர் 23லேர்ந்து ஆரம்பிச்சு, தேதி வரிசையில பாருங்க. நடுநடுவுல சுமாரான நாளும் வரும். வெறும் இலை, வெறும் கிளை, மங்கின வெளிச்சம். அதைப் புரட்டிட்டுப் போகாம நின்னு பாருங்க. அதையும் அவர் ஒதுக்கி வைக்காம வெளியிட்டிருக்காரு.